மேல் தாளும் கார்பன் தாளும்

தி.நகரில் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் எஸ்டிமேட் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு கட்டடத்துக்குச் சிமென்ட் எவ்வளவு, கம்பி எவ்வளவு, செங்கல் எவ்வளவு என்று கணக்கிடுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், எதிர் நாற்காலியில் இருந்த கோடம்பாக்கத்துக்காரரும். ஒரே வரைபடத்தை இருவரும் தனித்தனியே கணக்கிடுவோம். பிறகு ஒத்துப் பார்ப்போம். அவர் தன் தாளை உரக்கப் படிப்பார். நான் என் தாளில் டிக் போடுவேன். வித்தியாசம் வந்தால் நிறுத்துவோம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் முதலாளி அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் நிலையத்தோடு ஏற்பாடு செய்துகொண்டார். வரைபடத்து அளவுகளைக் கட்டம் போட்ட படிவத்தில், ஒரு கட்டத்துக்கு ஓர் எண்ணாக, நான் நிரப்பி அனுப்புவேன். அங்கே பெண்கள் அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவார்கள். சில நாள் கழித்து, இரு ஓரங்களிலும் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தில் விடை வரும். மேல் தாள் ஒன்று, அதன் கார்பன் நகல் ஒன்று.

"செக் பண்ணி அனுப்புங்க" என்றார் மேனேஜர்.

முதல் கட்டு வந்த அன்று கோடம்பாக்கத்துக்காரர் மேல் தாளை எடுத்துக்கொண்டு, கார்பன் நகலை என் பக்கம் தள்ளினார். படிக்க ஆரம்பித்தார். நான் டிக் போட்டேன். பாதிப் பக்கத்தில் இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். ஒரே அச்சின் இரண்டு பிரதிகள். வித்தியாசம் வர வழியே இல்லை. அவர் அடுத்த வரியைப் படித்தார்.

இனி இந்தப் பிரிவுக்கு ஒருவர் போதும், மற்றவரைப் பாலவாக்கத்தில் நடக்கும் வேலைக்கு, சிமென்ட் குடோனைப் பார்த்துக்கொள்ள அனுப்பலாம் என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது. அவருக்கு இரைப்பு. பஸ் கிளப்பும் புழுதிக்கே மார்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். அதனால் நாங்கள் தொடர்ந்து படித்தோம், டிக் போட்டோம். சில மாதங்கள் அப்படியே போயின. எனக்கு அதில் அலுப்பும் இல்லை, வெட்கமும் இல்லை.

ஒரு நாள், புதிதாகச் சேர்ந்த இளம் இன்ஜினீயர் பக்கத்தில் நின்று கவனித்தார்.

"சார், ரெண்டும் ஒரே பிரிண்ட்தானே? எதுக்கு ஒத்துப் பாக்கறீங்க?"

"கார்பனை நம்பாதே நைனா" என்றார் கோடம்பாக்கத்துக்காரர். "மேல ஒண்ணு சொல்லும், கீழ போய் வேற சொல்லும். நம்ம மேனேஜர் மாதிரி."

இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரித்தார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. நல்ல வேடிக்கை என்று நினைத்தார். மாலைக்குள் அது மேனேஜர் அறைக்குப் போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். திட்டவில்லை. "ஒருத்தர் பாலவாக்கம் போயிடுங்க" என்றார்.

"நான் போறேன் சார். இவருக்கு சிமென்ட் தூசி ஆகாது" என்றேன்.

"நீங்க போனா ஃபாரத்தை யாரு நிரப்பறது? பஞ்ச் பண்ற பொண்ணுங்களுக்கு உங்க எழுத்துதான் புரியுதாம். இவர் ஒண்ணு போட்டா ஏழு மாதிரி இருக்கு."

கோடம்பாக்கத்துக்காரர் தலையாட்டினார். "என் எழுத்து என் பொண்டாட்டிக்கே புரியாது சார். மிஷின் இன்னா பண்ணும், பாவம்."

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அன்று மாலை கோடம்பாக்கத்துக்காரர் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனார். நான் மயிலாப்பூருக்கு வழக்கமான பஸ்ஸில் வீடு திரும்பி, வழக்கம்போல் சாப்பிட்டேன்.

அதன் பிறகு கட்டு வந்தால் கார்பன் நகலைத் தனியே பிரித்துக் கோப்பில் வைப்பேன். மேல் தாளை அனுப்பிவிடுவேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு சம்பள நாளன்று அவர் வந்தார். மெலிந்திருந்தார். சட்டைக் காலரின் மடிப்பில் சாம்பல் நிறத் தூசி.

"இன்னா சார், மிஷின் ஒழுங்கா கணக்கு போட்டுக்கினு கீதா?"

"போடறது. உக்காருங்கோ."

உட்கார்ந்தார். மேஜையில் இருந்த மேல் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரக்கப் படிக்கத் தொடங்கினார். நான் கார்பன் நகலை இழுத்து டிக் போட்டேன். மூன்றாவது வரியில் அவருக்கு மூச்சு முட்டியது; விசில் போல ஒரு சத்தம் வந்தது. கையால் 'இரு' என்று காட்டினார். நான் பென்சிலோடு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாளை மடக்கி என் பக்கம் வைத்தார்.

"நீயே பாத்துக்க சார்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கேஷியர் கூப்பிட்டதும் எழுந்து போனார்.