ஃபேக்டரி போனுக்கு ஒரு வரி

என் மனைவி வலைத்தளங்கள் செய்து கொடுப்பவள். குன்னூரில் எங்கள் பேக்கரிக்கு மேல்மாடியில்தான் அவளுடைய அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு லேப்டாப், காலடியில் ஒரு ஹீட்டர். கீழே நான் வர்க்கி போடுகிறேன், மேலே அவள் புரோகிராம் போடுகிறாள். இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டால் வர்க்கிதான் என்று அடித்துச் சொல்வேன். அதெல்லாம் வீம்புக்கு. அவள் வேலை செய்வதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவன் நான்.

அதிலும் அந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதும்போது பார்க்க வேண்டும். ஆட்கள் படிவத்தில் நிரப்புவது சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒற்றை வரி அது. முதலில் ஒரு தொப்பிக் குறி, கடைசியில் ஒரு டாலர் குறி, நடுவில் வாயில் நுழையாத என்னென்னவோ. "நீங்க மைதா சலிக்கற மாதிரிதானுங்க, வேண்டியதை மட்டும் உள்ள விடும்" என்றுதான் எனக்கு விளக்கினாள். எழுதி முடித்ததும் கீழே குரல் கொடுப்பாள்: "ஏனுங்க, மேல வந்து கொஞ்சம் தப்புத் தப்பா அடிங்க." அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். பின்கோடு கேட்டால் 'பஸ் ஸ்டாண்ட் பக்கம்' என்று அடிப்பேன். பிறந்த தேதி கேட்டால் 'மழைக்காலம்'. ஒன்றையும் உள்ளே விடமாட்டாள்.

ஒரு நர்சிங் கல்லூரிக்கு அவள் சேர்க்கைப் படிவம் செய்து கொடுத்திருந்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு மூடிவிடும். மதியம் அவள் போன் அடித்தது. பக்கத்தின் அடியில் 'உதவிக்கு' என்று அவள் எண்தான் இருந்தது. பேசியது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண். அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஃபேக்டரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருக்கிறாள். எல்லாம் போனது, தொடர்பு எண் மட்டும் போகவில்லை. 'சரியான கைபேசி எண்ணைக் கொடுக்கவும்' என்று சிவப்பு எழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அவள் கொடுத்தது ஃபேக்டரியின் லேண்ட்லைன்.

"வேற யாராவது செல் நம்பர் போடும்மா" என்றாள் என் மனைவி.

"இல்லீங்கக்கா. எங்க லைன் வீட்டுப் பக்கம் டவரே கிடைக்காது. போன வருசம் கோயமுத்தூர்ல இருக்கற அண்ணன் நம்பரைப் போட்டேன். இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கு, அவரு பாக்கவே இல்லைங்க. ஒரு வருசம் போச்சு. இந்த வருசமும் போனா மில் வேலைக்கு அனுப்பிருவாங்கக்கா. ஃபேக்டரி போன்னா கிளார்க் ஐயா எடுத்துருவாருங்க. எங்களுக்கு எல்லாச் சேதியும் அதுலதான் வரும்."

பக்கத்தில் நின்றிருந்த நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "நம்ம நம்பரைப் போட்டுடு. வந்தா நாம சொல்லிடலாம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அந்த அண்ணனும் இதையேதான் சொல்லியிருப்பாருங்க" என்றாள்.

அடுத்து கல்லூரிக்குப் பேசினாள். சேர்க்கையைப் பார்க்கும் சிஸ்டர், செல் எண் மட்டும்தான் வேண்டும், மெசேஜ் அனுப்புவதுதான் வழக்கம் என்றார். "லேண்ட்லைன் கொடுத்தவங்க பேர் பக்கத்துல நான் ஒரு குறி போட்டுத் தர்றேன் சிஸ்டர், அவங்களுக்கு மட்டும் நீங்க போன் பண்ணுங்க" என்றாள் இவள். சரி என்று பதில் வந்தது, அரை மனதாகத்தான்.

உட்கார்ந்து வரியை மாற்றினாள். எங்கள் கடை லேண்ட்லைன் எண்ணைப் போட்டுப் பார்த்தோம், போனது. அந்தப் பெண்ணின் எண்ணைப் போட்டால் மறுபடியும் சிவப்பு. நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோத்தகிரிக்கு எஸ்.டி.டி. கோடு வேறு, கோடில் ஓர் இலக்கம் கூடுதல், எண்ணில் ஓர் இலக்கம் குறைவு. "குன்னூர்ல உக்காந்துட்டு நீலகிரி முழுக்க நம்ம கோடுதான்னு நெனச்சுட்டேன் பாருங்க" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். குன்னூர்க்காரர்களுக்கு இந்த நினைப்பு உண்டு, எனக்கும் உண்டு. கூடலூரின் எஸ்.டி.டி. கோடையும் யாரும் கேட்காமலே சேர்த்தாள். எண்ணுக்கு நடுவில் சின்னக் கோடு இழுத்து எழுதினாலும் இடம் விட்டு எழுதினாலும் ஏற்கிற மாதிரி செய்தாள். அதை எடுத்துவிடுவது நம் வேலை, அதற்குப்போய் எதற்கு ஆட்களைத் திட்ட வேண்டும் என்றாள். நான் வெறும் பூஜ்யங்களாக அடித்தேன், உள்ளே விடவில்லை. ஓர் இலக்கத்தைத் தின்றுவிட்டு அடித்தேன், அதையும் விடவில்லை. கீழே அடுப்பில் ஒரு தட்டு வர்க்கி கருகிப்போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

ஐந்து மணிக்கு முன்பே அந்தப் பெண்ணின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இன்டர்வியூவுக்கும் போனாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. என் மனைவி கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள்.

ஒரு நாள் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். சீட் கிடைத்துவிட்டது. சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. சிஸ்டர் ஃபேக்டரிக்குப் போன் பண்ணியிருக்கிறார். கிளார்க் எடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து ஒருவர் மேட்டில் ஏறி நின்று தேயிலைக் காட்டைப் பார்த்துக் கத்த, பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிரைக்கு நிரை கத்தி, அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. இவள் அப்போது தண்ணீர்க் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம்.

"யார் சொன்னாங்க உனக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

"யாருன்னு சொல்றதுங்கக்கா? எல்லாரும் ஓடி வந்தாங்க."