ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது வயலின்

சின்ன ஊரில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குக் காதுதான் முதல். அந்தக் காதில் விழுவதெல்லாம் அடுத்தவர் யோசனை. காஞ்சிபுரத்தில் எட்டு வருஷமாகக் கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு, நகைக்கடை விளம்பரம் என்று பதிந்து கொடுத்துவந்த நான், எனக்கென்று ஒரு ஆல்பம் செய்ய உட்கார்ந்தேன். தெருச் சத்தங்களைப் பதிந்து, வெட்டி ஒட்டித் தாளமாக்கி, அதன்மேல் பெரிய வயலின் கூட்டமும் ராக் கிடாரும். பாடகர் கிடையாது. ஹெட்போன் மாட்டிய குற்றத்துக்காக வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு என் கதை புரியும்.

இன்ஜினை அணைக்காதீங்க

ஐயம்பேட்டை ஸ்டாப்பில் நிற்கும் ஒரு ஷேர் ஆட்டோவின் இன்ஜின் மூன்று அடி அடித்து நாலாவதை விழுங்கும். எனக்கு வேண்டிய தாளம் அதுதான். டிரைவர் ஏழுமலையிடம் வண்டியை அணைக்காமல் நிறுத்தச் சொல்லி மைக்கை நீட்டினேன். புகை சோதிக்க வந்தவள் என்று நினைத்து அவர் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக் கொடுத்தார். பாட்டுக்கு என்றேன், நம்பவில்லை.

அடுத்த வாரம் அதில் கட்டிய தாளத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "இது பாட்டுன்னா, பத்து வருஷமா நான் கச்சேரி பண்ணிக்கினு இருக்கறேன்மா."

நாலு பேர், பத்து தடவை

நாற்பது வயலின் வேண்டும். எங்கள் சர்ச் பாடற்குழுவில் இருப்பது நாலு. அவர்களையே ஒரே பகுதியைப் பத்து தடவை வாசிக்க வைத்தேன், ஒவ்வொரு தடவையும் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டு. ஆறாவது தடவை அவர்களில் ஒருவரான ஸ்டெல்லா அக்கா வயலின் வில்லைக் கீழே வைத்துவிட்டார். இதில் நன்றாக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். பத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்போகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே தப்பினால்தான் கூட்டம் மாதிரிக் கேட்கும் என்று விளக்கினேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு பண்ணத்தான் கூப்பிட்டேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, இவ்ளோ பிராக்டீஸ் பண்ணிட்டு வந்திருக்க மாட்டமே."

தறி எங்கே?

ஆல்பத்தை வெளியிட சென்னையில் ஒருவர் முன்வந்தார். மூன்று டிராக் கேட்டார், பிடித்திருந்தது. ஒரே ஒரு மாற்றம், எல்லாவற்றிலும் தறிச் சத்தம் வரவேண்டும், அட்டையில் பட்டுப்புடவை இருக்கவேண்டும் என்றார். காஞ்சிபுரம் என்றால் ஜனங்கள் அதைத்தானே எதிர்பார்ப்பார்கள்?

எங்கள் வீட்டில் யாரும் நெய்ததில்லை. அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், பிறகு லாரி ஓட்டினார். நான் கேட்டு வளர்ந்த ஊரும் காஞ்சிபுரம்தான் என்றேன். அப்படியானால் கஷ்டம் என்றார். சரி, வேண்டாம் என்று போனை வைத்தேன். வைத்தபிறகுதான் கணக்குப் போட்டேன்: ஆறு மாத வேலை.

கிடார் வாசிக்கும் கார்த்தி ஏனாத்தூர்ப் பையன், அவன் வீட்டில் விவசாயம். விஷயத்தை அவனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "எங்க வீட்ல இருக்கறது டிராக்டர்தான்க்கா. அத சேர்த்துக்கலாமான்னு கேட்டியா?"

சர்ச் ஹாலில்

நானே இணையத்தில் ஏற்றினேன். அதற்கு முன்னால் ஊருக்குத்தான் முதலில் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் முழுதாகப் போட்டேன். மூன்றாவது டிராக்கில் வயலின்களும் கிடாரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். என்னிடம் தேர்தல் பாட்டுப் போட்டுக்கொள்ளும் வட்டச் செயலாளர் முன்வரிசையில் இருந்தார். லேப்டாப் பக்கத்தில் வந்து, பாதி சனம் போயிடுச்சு, மெலடியா ஒண்ணு மாத்திடும்மா என்று அன்பாகத்தான் சொன்னார்.

போகிறவர்கள் போகட்டும் அண்ணே என்று சொல்லி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவர் திரும்பிப்போய் உட்கார்ந்தார். கடைசிவரை இருந்தவர்கள் பதினேழு பேர். அதில் அவரும் ஒருவர். கிளம்பும்போது கிட்டே வந்தார். "எலக்‌ஷனுக்கு உங்கிட்டதாம்மா வருவேன். இந்த மாதிரி மட்டும் போட்டுடாத, டெபாசிட் போயிடும்."

இப்போது தெருவில் என்னை நிறுத்தி ஒன்றும் புரியவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர், சரியாக எந்த நிமிஷத்தில் புரியவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறார்கள்.