கோணல் தையல் போட்ட கர்ப்பப்பை

ஆவடியில் பதினைந்து வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் மாடிக்குக் குடிவந்த ஷீலா, பழைய துணியில் கர்ப்பப்பை போலவே ஒரு பை தைத்திருந்தாள். ஜிப்பைத் திறந்தால் சிவப்பு ரிப்பன் வரும். ஞாயிறுதோறும் தெருப் பெண்பிள்ளைகள் அதை வைத்து விளையாடியே மாதவிடாயைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். தையலோ படுகோணல்! ஆனாலும் என் மகள் பிரியாவுக்கு எந்நேரமும் 'ஷீலா ஆன்ட்டி' புராணம்தான். எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னா கண்றாவி இது? இனிமே மாடிக்குப் போனே, காலை ஒடிச்சிடுவேன். அந்தப் பேச்சே இந்த ஊட்ல வரக்கூடாது" என்று கத்தினேன்.

அடுத்த மாதம் பிரியா சாப்பிடாமல் இரண்டு நாள் சுருண்டு படுத்தாள். பயந்துபோய் டாக்டரிடம் கிளம்பியபோது, கட்டிலுக்கடியில் கறை காய்ந்த சீருடை கிடைத்தது. கூடவே, நாப்கினுக்குப் பதிலாக அவள் மடித்து வைத்துக்கொண்ட என் ஜாக்கெட் வெட்டுத்துணிகள்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீதானம்மா அந்தப் பேச்சே ஊட்ல வரக்கூடாதுன்னே."

அன்றே மாடியேறினேன். இப்போது அந்த மாதிரிப் பைகளை நான்தான் தைக்கிறேன். ஞாயிறு விளையாட்டிலும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். என் தையல் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். ஆனால் பிரியா தனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருப்பது, ஷீலாவின் அந்தக் கோணல் பையைத்தான்.