மொசைக் தரையில் ஒரு பசு

இன்று காலை எங்கள் வீட்டுக்கு ஒரு பசு வந்தது. இன்னும் போகவில்லை!

திருப்பதி புறநகரில், பழைய அடுக்கு வீடொன்றின் முதல் மாடி. ஆர்ட் டெக்கோ பாணி: அரைவட்ட பால்கனி, விசிறி விரித்தாற்போல் ஜன்னல் கம்பி, பித்தளைப் பட்டி ஓடும் மொசைக் தரை.

யாரோ மேலே ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்து, அந்தத் தரையை மீட்டு, பாலிஷ் போட்டோம்.

பாலிஷ்காரர் எச்சரித்தது ஒன்றைத்தான். "மேல்பூச்சு, அதான் சீலர், அடிக்கிற வரைக்கும் ஈரம் பட்டா ஊறிடும் சார். அப்பறம் நானே வந்தாலும் போவாது."

சீலருக்கு முன்னால் கிருகப்பிரவேச முகூர்த்தம் வந்துவிட்டது.

மாடி வீடுகளுக்குப் பசுவைக் கீழே கேட்டிலேயே நிறுத்திப் பூஜை செய்து அனுப்பிவிடுவார்கள். நானும் அதையே சொன்னேன். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் என் மைத்துனன் ஒப்பவில்லை.

"கேட்டாண்ட நிக்க வெச்சா அது வாட்ச்மேனுக்கு கிருகப்பிரவேசம் மாமா. உனக்கு இல்ல!"

விஜயபுரத்திலிருந்து மினி லாரியில் பசுவும் அதன் சொந்தக்காரரும் வந்தார்கள். பசு தயங்காமல் படியேறியது. (தயங்கியது நான்தான்.)

ஹாலில் சாக்கு விரித்திருந்தேன். பசு சாக்கைத் தாண்டிப் போய், மொசைக்கின் நட்டநடுவில் நின்று கடமையைச் செய்தது. இரண்டையும்!

துணியோடு ஓடினேன். மனைவி தடுத்தாள்.

"இன்னாங்க, லட்சுமி தானா வந்து குடுத்துகீது, அத்தப் போய் தொடைக்கிறீங்களே! ஓமம் முடியட்டும்."

ஓமம் முடிவதற்குள் தரை குடித்து முடித்திருந்தது. வெள்ளைச் சில்லுகளுக்கு நடுவே, முறம் அகலத்துக்கு மஞ்சள் கறை.

"சரி, பசுவை இறக்குங்கள்" என்றேன்.

அது படி வரை வந்தது. கீழே எட்டிப் பார்த்தது. திரும்பிவிட்டது.

"ராவே தல்லி, ராவே" என்று, வா தாயே வா என்று, சொந்தக்காரர் தெலுங்கில் கெஞ்சினார். பலனில்லை.

"ஏறும் சார். எறங்கத்தான் அதுக்குத் தெரியாது."

"இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா?"

"எறக்கணும்னு நீங்க சொல்லலியே சார். வூட்டுக்குள்ள கூட்டினு வரணும்னுதானே சொன்னீங்க?"

மைத்துனன் படியில் அகத்திக்கீரையை நீட்டிப் பார்த்தான்.

"கழுத்த நீட்டி துன்னுட்டு அங்கியே நின்னுகினு கீது மாமா!"

இப்போது பசு அரைவட்ட பால்கனியில் நிற்கிறது. தெருவே படமெடுக்கிறது. பால்கனியின் வளைவு படத்தில் மிக அழகாக விழுந்திருக்கிறதாம், பசுவைச் சுற்றி.

மாட்டைப் படியில் இறக்கிய அனுபவம் உள்ளவர்கள் உடனே கமெண்டில் சொல்லவும். ஏற்றிய அனுபவம் வேண்டாம். அது எங்களிடமே இருக்கிறது!