மடங்காத துப்பாக்கி

ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். பழைய பிரெஞ்சுத் துப்பாக்கிகள் மேல் உனக்கென்ன இத்தனை ஆசை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உலகத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கி செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர், நடுவில் ஒரு கீல் வைத்து, இடுப்பில் மடக்கித் தோட்டா போடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். பிரான்சில் சிலர் மட்டும் தனியாக ஓடியிருக்கிறார்கள். அவர்களை நிறுத்தி, ஏனய்யா இந்தப் பக்கம் ஓடினீர் என்று கேட்பதுதான் என் சேகரிப்பு.

சேகரிப்பு என்றதும் கண்ணாடி அலமாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். சந்தவாசலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன் நான். லைசென்சில் இரண்டு துப்பாக்கிக்குத்தான் இடம். ஒன்று, தோட்டாவின் பக்கவாட்டில் ஆணி துருத்திக்கொண்டிருந்த காலத்தது. அந்தத் தோட்டாவை இன்று யாரிடமும் வாங்க முடியாது. இரண்டாவதை, புதுச்சேரியில் ஒரு குடும்பத்தாரிடமிருந்து முறைப்படி என் பெயருக்கு மாற்றி வாங்கினேன். மற்றவர்கள் வீட்டில் பார்த்ததெல்லாம் நோட்டில் படமாக இருக்கிறது.

அந்த இரண்டாவதுதான் என் உயிர். அதற்குக் கீலே கிடையாது. மேலே, முயல் காது மாதிரி ஒரு நெம்புகோல். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், குழலின் அடைப்பு மேஜை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வரும். தோட்டாவைப் போட்டு முன்னால் தள்ளினால், நல்ல ஆசாரி செய்த பெட்டி மூடுகிற சத்தம். குழலுக்கு அடியில் கிரீடமும் குறுக்காக இரண்டு ஓலையும் முத்திரை. பனைமரமே இல்லாத ஊரில் ஓலையை ஏன் குத்தினார்கள் என்று நான் யோசிக்காத நாளில்லை. சுட்டது கிடையாது. சத்தம் கேட்பதற்கென்று ஒரு துப்பாக்கி வைத்திருக்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான் என்பாள் என் மனைவி.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன தடவை, வாங்கிவைத்த ஏட்டு அதைத் தொடையில் வைத்து மடக்கிப் பார்த்தார். காலியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாத் துப்பாக்கியையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இன்னா நைனா, மடங்க மாட்டேங்குது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இது மடங்காதுங்க" என்றேன். இழுத்துக் காட்டியும் விட்டேன். அவர் தலையாட்டிக்கொண்டே ரசீதில் நான் சொன்ன சொல்லை அப்படியே எழுதினார்: மடங்காது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கம் குடை மடங்காது என்றாலும் கத்தி மடங்காது என்றாலும் ஒரே அர்த்தம்தான்: கெட்டுப்போய்விட்டது. தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தபின், லைசென்சைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அந்த ரசீதைப் பார்த்த அதிகாரி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பழுதான துப்பாக்கியை லைசென்சிலிருந்து நீக்கி, அழிக்க அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். வேண்டாமென்றால் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவரிடம் காட்டிச் சான்று வாங்கி வரச் சொன்னார். தவளையும் தன் வாயால் கெடும் என்பதை நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது மனைவி ஒன்றுதான் சொன்னாள். "அங்க போயி வாய தொறக்காதீங்க. உங்க வாயாலதான் போச்சு."

பழுது பார்க்கிறவர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அவரும் முதலில் தொடையில் வைத்து மடக்கினார். மடங்கவில்லை. திருப்பி வைத்து மடக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அப்புறம் சத்தமே இல்லை. திரும்பினால், அவருடைய கட்டைவிரல் முயல் காதைத் தடவிக்கொண்டிருந்தது. தூக்கினார், இழுத்தார். டிராயர் வந்தது. மூடினார். மறுபடி திறந்தார். நாலைந்து தடவை இருக்கும். கடைசித் தடவை தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுல பழுது இன்னா இருக்குது?" என்றார். "சரி, இன்னான்னு எழுதறது?"

அப்போதுதான் வாயைத் திறந்தேன். "மடங்காது, நகரும்னு எழுதுங்க சார்."

அப்படியே எழுதி, 'நல்ல நிலையில் உள்ளது' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது, இதே மாதிரி வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு நான் ஒரு மணி நேரம் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து மனைவியிடம் சான்றை நீட்டினேன். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு முறை படித்தாள்.

"மடங்காது, அது தெரிஞ்சதுதான்" என்றாள். "நகரும்னு போட்டுகிதே, கொஞ்சம் நகருங்க. பெருக்கணும்."