எக்ஸ்ரே அக்கா தன்னிடம் கேட்காத கேள்வி

எக்ஸ்ரே அறையில் பத்தொன்பது வருடமாக அக்கா ஒவ்வொரு பெண்ணிடமும் முதலில் கேட்பது, "முழுகாம இருக்கீங்களா?" கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பல் போன கிழவிகளிடமும் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். தன்னிடம் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பத்து நான்கு வயதில் மாதவிலக்கு தள்ளிப்போனால் நிற்கப்போகிறது என்றுதானே அர்த்தம்? மூன்று மாதம் அப்படித்தான் நம்பினார்; வயிற்றில் குழந்தை என்று அப்புறம்தான் தெரிந்தது. நல்லவேளை, ஈயச் சுவருக்குப் பின்னால் நிற்கிற வேலை; கோட்டில் குத்தியிருந்த கதிர் அளவி பயமில்லை என்றது.

கணவர் கப்பலில் சமையல்காரர். சேதி கேட்டதும் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதென்று அக்கா வைத்துவிட்டார். மறுநாள் இரண்டு வார்த்தை வந்தது: "சந்தோஷம். ஜாக்கிரதை."

"இந்த வயசுல குழந்தைக்கும் ரிஸ்க், உங்களுக்கும் ரிஸ்க்," என்றார் பிரசவ டாக்டர். அக்காவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. குழந்தைக்கு மரபணுக் குறை இருக்குமோ என்று பார்த்த பரிசோதனை நல்லபடியாக வந்ததும், கண்டம் கழிந்தது என்று ஃபைலை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

எட்டாம் மாதம், அடுத்த செக்கப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, தலை வலித்தது. கண்ணாடி பவர் என்று முடிவு செய்தார். கால் வீங்கியது, நின்றே பார்க்கிற வேலை. அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசலையும் விடாத கண்ணுக்குத் தன் முகம் தெரியவில்லை.

அறை பெருக்க வந்தவள்தான் நின்று பார்த்தாள். "என்னக்கா, மூஞ்சி பன்னு மாதிரி இருக்கு?"

"ரெண்டு பேருக்குச் சாப்பிடறேன்ல."

"நீங்க கொண்டுவர்ற டப்பாவுல ஒருத்திக்கே பத்தாது. மோதிரம் எங்க?"

"டைட்டா இருந்துச்சு. சோப்பு போட்டுக் கழட்டினேன்."

"நேத்து இருந்துச்சேக்கா. ஒரே நாள்ல வந்தா அது சோத்துச் சதை இல்ல. பிரசவ டாக்டர் நாலு ரூம் தள்ளிதானே, போய் பிரஷர் பாருங்க. கதவ நான் பாத்துக்கறேன்."

நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து. அன்று மாலைக்குள் குழந்தையை வெளியே எடுக்காவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள்.

"கூட யாரு வந்திருக்கா?" என்றாள் நர்ஸ். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. ஆபரேஷனுக்கான கையெழுத்தை அக்காவே போட்டார்.

மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றே முக்கால் கிலோ பெண். குறைமாதக் குழந்தை, மூச்சு அவ்வப்போது நின்று வரும், மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி நர்ஸ் அடுத்த பெட்டிக்குப் போனாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது அக்காவுக்குப் புதிதில்லை. மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். இவள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்ச விடுங்க," என்றார் அக்கா, பழைய மரியாதை மாறாமல்.

சின்ன மார்பு இறங்கியது. அடுத்த மூச்சை இழுக்கச் சொல்ல, அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார்.