காரின் வாயை அடைத்தவர்

என் அக்காவின் கணவர் குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் மேலாளர். வெள்ளை கேட்டு வந்தவர்களுக்குச் சாம்பல் நிறத்தைத் தள்ளிவிடுவார். பதித்து முடித்த பிறகு இருட்டாக இருக்கிறதே என்று அவர்கள் வந்து நின்றால், "டைல்ஸ்ல ஒண்ணும் இல்ல, உங்க வீட்டு ஜன்னல் தப்பு" என்பார். தப்பு என்ற சொல்லை அவர் அடுத்தவர்களுக்காக மட்டுமே வைத்திருந்தார். மருத்துவர் ஊசி போட வந்தால் எந்தக் கையில் போட வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடக்கும். முடி வெட்டுகிறவர் கத்தரியைப் பிடிக்கும் விதம் சரியில்லை. வீட்டில் அக்கா வாய் திறந்தால், "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முடிந்துவிடும். இப்படிப்பட்ட மனிதர் புதுக் கார் வாங்கினார்.

வாங்கிய வாரமே எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் பின் இருக்கையில். பள்ளிக்கூடத் தெருவில் திரும்பியதும் கார், டிங் டிங் டிங் என்றது.

"என்ன சத்தம் இது?"

"வேகமாப் போறோம்னு சொல்லுதுங்க" என்றாள் அக்கா. "இங்க முப்பதுதானாம். ஸ்க்ரீன்ல போட்டிருக்கு பாருங்க."

"அதை யாரு கேட்டா?"

கார் சத்தத்தை நிறுத்தவில்லை. தெருமுனை தாண்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. அவருடைய பிடரி சிவந்துபோனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் பேசிய பிறகும் எதிர்த்துப் பேசிய முதல் ஆள் அந்தக் கார்தான். பொய் சொல்வானேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அந்தச் சத்தத்திலும் கோளாறுகள் உண்டு. சாலையோரப் பலகையைக் கேமராவில் பார்த்துத்தான் கார் அங்கே அனுமதித்த வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில், முன்னால் போன லாரியின் முதுகில் ஒட்டியிருந்த நாற்பதைப் பலகை என்று நினைத்துக் கத்தியிருக்கிறது. அவருக்குப் புதையல் கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் இந்தக் கதைதான். மற்ற நாட்களில் அது சரியாகச் சொன்னதையெல்லாம் அந்த ஒரு லாரியை வைத்தே அழித்துவிட்டார்.

காரை வாங்கிய கடைக்கே போய் மேசையைத் தட்டினார். அங்கிருந்த மெக்கானிக் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "இதை நிரந்தரமா நிறுத்த முடியாது சார். சட்டம் அப்படி. ஸ்டீயரிங்ல இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா நின்னுடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணா திரும்ப வந்துடும்."

"ஒவ்வொரு தடவையும் அமுக்கணுமா? நான் என்ன லிஃப்ட் ஆபரேட்டரா?"

லிஃப்ட் ஆபரேட்டர் வேலை அக்காவுக்கு வந்தது. அவள் கண் மருத்துவமனையில் கண்ணாடி கொடுக்கும் பிரிவில் இருக்கிறாள். காலையில் அவளை இறக்கிவிட்டுத்தான் அவர் கடைக்குப் போவார். வண்டி கிளம்பியதும் பக்கத்து இருக்கையிலிருந்து எக்கி அவள் பட்டனை அமுக்க வேண்டும். விரல் வழுக்கினாலோ, கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்து மறந்தாலோ, மருத்துவமனை வாசல்வரை அர்ச்சனை நடக்கும். கார் கத்தியதற்கும் சேர்த்து அவள் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

அதுவும் போதவில்லை. பேட்டரிக் கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்தார். அவர் டாஷ்போர்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார், சத்தம் போடுற ஸ்பீக்கர் இது. இதைக் கழட்டினா பெல்ட்டு, கதவு, டிக்கி எல்லாச் சத்தமும் போயிடும்."

"எனக்குக் கண்ணு இருக்குய்யா. கழட்டு."

கழற்றியாயிற்று. ஸ்க்ரீனில் எண் மின்னும் மூலையில் கறுப்பு டேப்பையும் ஒட்டிக்கொண்டார். கதவோ டிக்கியோ திறந்திருந்தால் படம் வருவதும் அதே மூலையில்தான். மனிதர் நிம்மதியாக விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

அடுத்த மாதம் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுவதற்காக மாதிரி டைல்ஸை டிக்கியில் அடுக்கினார். மூடிய கையோடு ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிட்டார். டிக்கி சரியாகப் பூட்டவில்லை. விடுமுறை நாள் என்பதால் அக்காவும் கூட இருந்தாள். நெடுஞ்சாலையில் ஏறிய சற்று நேரத்தில் பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"பின்னாடி ஏதோ சொல்றாங்க. ஓரமா நிறுத்திப் பாருங்களேன்."

"வழி கேக்குறான். என்னைத் தாண்டணுமாம். தாண்டட்டும் பார்க்கலாம்."

வேகத்தைக் கூட்டினார். டிக்கிக் கதவு முழுதாக மேலே எழும்பியது. டைல்ஸ் ஒவ்வொன்றாகச் சாலையில் விழுந்து நொறுங்கின. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் சில்லுகளில் சறுக்கி விழுந்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இவரோ அப்புறமும் வெகுதூரம் போயிருக்கிறார். காவல்துறை வண்டி குறுக்கே வந்த பிறகே நின்றார்.

அக்கா ஃபோன் செய்ததும் நான் ஓடினேன். காவல் நிலையத்தில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், புகார் கொடுக்க வந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"கார் கம்பெனி மேல கேஸ் போடணும் சார். டிக்கி திறந்திருக்குன்னு எனக்கு ஒரு சத்தம் கொடுக்கல."

அதிகாரி நிமிர்ந்தார். "இந்த மாடல்ல சத்தம் வருமே. எங்க மாமனார்கிட்ட இதே கார்தான்."

"அதைத்தான் சொல்றேன். எனக்கு வரல. தயாரிப்புக் கோளாறு."

சொன்னார், கொஞ்சமும் கூசாமல் சொன்னார். அக்காவுக்கு வந்தது.

"கோளாறு இல்ல சார். ஸ்பீக்கரை இவர்தான் கழட்டச் சொன்னாரு. அப்ப பக்கத்துல நான்தான் உக்காந்திருந்தேன்."

"நீ சும்மா இரு!"

"இத்தனை நாள் சும்மாத்தாங்க இருந்தேன்" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அதிகாரி அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

அபராதம் கட்டினார், ஓட்டுநர் உரிமமும் சில மாதம் முடங்கியது. கை உடைந்த பெண்ணைப் பார்க்க அக்கா கிளம்பியபோது, எதற்கோ அவரும் கூடவே போனார். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவளிடம், "இடைவெளி விட்டு ஓட்டணும்மா, முன்னாடி போற வண்டியை நம்பக் கூடாது" என்று அறிவுரை சொன்னாராம். அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்துவைத்து, "நீங்க வெளிய இருங்க, உங்க வீட்டுக்காரம்மா பேசிட்டு வரட்டும்" என்றிருக்கிறார்.

உரிமம் திரும்பக் கிடைத்ததும் புதுக் காரை விற்றுவிட்டு ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டார். அதில் திரையும் இல்லை, கேமராவும் இல்லை, மணியும் இல்லை. "இதுதான் கார்" என்று பானெட்டைத் தட்டிக் காட்டுகிறார். தினமும் தனியாகத்தான் போகிறார்.

அக்கா பேருந்தில் போகிறாள். கூட்டம்தான், சில நாள் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவாளாம். மருத்துவமனை நிறுத்தம் வந்ததும் நடத்துநரே எழுப்பிவிடுகிறாராம்.